பாட்டில்லாத படம்

– பாட்டு இல்ல, சண்டை இல்ல, ஒரு சிரிப்பு இல்ல! ஒரு பொம்பள உக்காந்து பெட்டி கட்டுறா, அவ்வளவுதான் கதை. இது ஒரு படமா லா? என் காசு, இந்த சேதுபதி காசு, கரியாப் போச்சு.

– மெதுவாப் பேசுங்க. சிராங்கூன் ரோடே திரும்பிப் பார்க்குது.

– பார்க்கட்டும்! நம்ம சிங்கப்பூரு நேவல் பேஸ்ல என்கூட வேலை பார்க்குற ஆளுங்க எடுத்த படமாச்சேன்னு ஆசையா வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நாற்காலிய ஒடச்சாங்கல்ல, தப்பே இல்ல. அந்தக் கிளார்க்கு ஏரம்பமூர்த்தி நாளைக்கு வேலைக்கு வருவான்ல, சட்டையப் புடிச்சுக் கேக்குறேன்.

– என்னன்னு கேப்பீங்க?

– சம்பளத்தையெல்லாம் கொட்டி இதத்தான் எடுத்தியான்னு! ஊர்ல ஒரு பொண்டாட்டி, இங்க ஒருத்தி. எவன் வீட்டுல இல்லாத கதை? அத நாலு பேர் முன்னால காட்டணுமா?

– எவன் வீட்டுல இல்லாத கதைங்களா?

– ஏய் லீலா, பேச்சுக்குச் சொன்னேன் லா.

– பொம்பளைங்க பக்கமும் ஒரே சிரிப்புதான். புருசன் ஊருக்குக் கப்பல் ஏறப் போறான். ஊர்ப் பொண்டாட்டிக்கு வாங்கின சீலைய இவ தன் தோள்ல போட்டுக் கண்ணாடியில பார்த்துட்டு, மடிச்சுப் பெட்டியில வைக்கிறா. அந்த எடத்துல போயி விசில் அடிக்கிறானுங்க.

– கிறுக்கச்சி பண்ற வேலைக்குச் சிரிக்காம என்ன செய்வாங்க?

– மடிப்புக்கு மடிப்பு வாசனைக்குப் பாண்டான் இலை வச்சாளே, அதுவும் கிறுக்குதானா?

– இலைய எவன் பார்த்தான்?

– நான் பார்த்தேன். நான் இங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு தடவை ஊருக்கு வந்தீங்க. ரெண்டு தடவையும் பெட்டியத் தொறந்ததும் ஒரு வாசனை. என்னன்னு எனக்குத் தெரியல. இங்க வந்து தேக்கா மார்க்கெட்டுல அந்த இலைய மோந்து பார்த்தப்பதான் தெரிஞ்சுது.

– கடைக்காரன் வச்சிருப்பான்.

– எந்தக் கடைக்காரன்?

– துணிக்கடை அப்துல் காதர், வேற எவன்? இந்த சேதுபதி பொய் சொல்ல மாட்டான்.

– அவர் கடை இந்தா வருது. கேட்டுட்டுப் போவோமா?

– வாய மூடிட்டு நட! ஒரு படம் பார்த்ததுக்கே இவ்வளவு திமிரா? இதுக்குத்தான் நான் நிறுத்தச் சொன்னேன்.

– ஆமா, மத்தவங்க பாட்டு எங்கடான்னுதான் கத்துனாங்க. நீங்க ஒருத்தர்தான் "படத்த நிறுத்துடா"ன்னு கத்துனீங்க. அதுவும் எப்ப? அந்தப் பொம்பள இடுப்புல புள்ளையோட வந்து கதவைத் தொறக்கிறப்ப.

– கத்துவேன் லா! ஒழுங்கா உழைக்கிற ஆம்பளைங்க மூஞ்சியில கரியப் பூசுனா பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

– சரி, கோவப்படாம கேளுங்க. என் பக்கத்துல ஒருத்தி உக்காந்திருந்தா. கொட்டகையே சிரிக்குது, அவ மட்டும் முந்தானையக் கடிச்சுக்கிட்டு அழுவுறா. மடியில மூணு வயசுப் பொட்டப்புள்ள, நல்ல தூக்கம். "குடுங்கக்கா, செத்த நேரம் நான் வச்சுக்கிறேன்"னு வாங்கிக்கிட்டேன்.

– எவ அவ?

– பேரு சந்திரமதியாம். வீடு செம்பவாங்குலயாம், உங்க பேஸ் வாசலுக்குப் பக்கத்துல. நீங்க சனிக்கிழமை ராத்திரியும் வேலைன்னு சொல்லிட்டுப் போற எடந்தான்.

– செம்பவாங்குலயா?

– ஏன் நின்னுட்டீங்க?

– லீலா, எதுவா இருந்தாலும் வீட்டுல போயி பேசிக்கலாம்.

– இங்கயே கேளுங்க. அந்தப் புள்ள சிரிப்புக்கு முழிக்கல, விசிலுக்கு முழிக்கல. நீங்க கத்துனீங்க பாருங்க, என் மடியில எந்திரிச்சு உக்காந்து, ஆம்பளைங்க பக்கம் இருட்டப் பார்த்து "அப்பா"ன்னு கூப்பிட்டுச்சு.