ஜப்பான் பார்க்க வந்தவர்கள்

— அக்கா, பஸ்ஸ்டாண்டு வந்தாச்சு, ஒரு மடக்கு தண்ணியாவது குடிங்க. மண்டபத்துல அத்தன பேரும் பயந்துட்டாங்க.

— அவளுக்குத் தண்ணி எதுக்கு? நீதான் செல்போன் கடை வச்சிருக்கியே மிக்கேலு, வாய்க்கு லாக் போடுத வசதி ஏதும் வந்திருக்கா? வந்திருந்தா இவளுக்கு ஒண்ணு போட்டு விடு.

— நீங்க சும்மா கெடங்க. கத்துனது நான். உங்களுக்கு என்ன வந்துச்சு?

— எனக்கு என்ன வந்துச்சா? படம் ஓடிக்கிட்டு இருக்கு, எம்பொண்டாட்டி எந்திச்சு நின்னு, "ஏட்டி, பொய் சொல்லாதட்டி!"ன்னு திரையப் பாத்துக் கத்துதா. அந்தக் காலேஜ் பயலுவ உன்னையவா பாத்தானுவ? பக்கத்துல இருந்த என்னைய, இந்தக் கொம்பையாவத்தான பாத்துச் சிரிச்சானுவ.

— அண்ணாச்சி, தப்பு எம்மேலதான். எங்க திரைப்பட வட்டத்துல மாசம் ஒரு வெளிநாட்டுப் படம் போடுதோம். இந்தத் தடவ நோட்டீஸ்ல "ஜப்பான் படம், அனுமதி இலவசம்"னு பெரிசாப் போட்டுட்டேன். "வன்முறை மிகுந்தது, மனத்திடம் உள்ளவர்கள் மட்டும்"னு போட்டது பொடி எழுத்தாப் போச்சு.

— பொடி எழுத்த யாரு தம்பி படிச்சா? உங்கடையில ரீசார்ஜ் பண்ண வந்தேன். ஜப்பான்னு பாத்தேன். எம்மவ இருக்குத நாடாச்சே, ஒரு நட போய் பாத்துட்டு வந்துருவோம்னு நெனச்சேன். தெரு எப்பிடி இருக்கு, வீட்டுல அடுப்பு எங்கன இருக்கு, பொம்பளப்பிள்ளைய இருட்டுனப்பறம் தனியா நடந்து போவுதான்னு பாக்கணும்னு நெனச்சேன். இவியளையும் பருத்திக்காட்டுல இருந்து இழுத்துக்கிட்டு வந்தேன்.

— பட்டுச்சேல வேற. கோயில் கொடைக்குக் கட்டாத சேல.

— மவ ஊருக்குப் போற மாதிரி இருந்துச்சு, கட்டுனேன். அங்கன போனா என்ன காட்டுதான்? ஒரு வகுப்புப் பிள்ளைகள பனிமலையில கொண்டு விட்டுட்டு, பனி உருகும்போது ஒரு ரயிலு வரும், அதுல ஒரே ஒரு சீட்டுதான்னு சொல்லிட்டுப் போயிருதான். நேத்து வரைக்கும் ஒரு டப்பாவுல சோறு தின்ன பிள்ளைய ஒண்ணையொண்ணு வெட்டிக்கிடுது. ஆத்தே, அத எடுத்தவனுக்குப் பிள்ளகுட்டி இல்லியா தம்பி?

— அது நெசத்துல நடக்குததில்லக்கா. நாளைக்கு ஒரு அரசாங்கம் இப்பிடிக் கெட்டுப்போனா என்ன ஆவும்னு ஒரு கற்பன. பாயின்ட் என்னன்னா, ஜப்பான்லயே இந்தப் படத்துக்கு அடிதடி. ஒரு பக்கம் பத்திரிகையில கிழிகிழின்னு கிழிக்கான். இன்னொரு பக்கம் தியேட்டர் வாசல்ல சின்னப்பிள்ளைய வரிசையில நிக்கி.

— இங்க மட்டும் என்ன? ஒவ்வொரு பிள்ள சாவும்போதும் பின்னால ஒருத்தன் விசிலடிச்சான்லா. அடுத்து யாரு போவான்னு பந்தயம் வேற.

— படம் முடிஞ்சு நீங்க ரெண்டு பேரும் வெளிய வந்ததுக்கப்பறம் உள்ள பெரிய வாக்குவாதம் அண்ணாச்சி. கான்வென்ட் டீச்சர் ஸ்டெல்லாமேரி எந்திச்சு, "இதப் பாக்கப் பிள்ளைகள வேற கூட்டிட்டு வந்தேனே, என்னையச் சொல்லணும்"னு அழுதுட்டாவ. ரிட்டயர்டு பேராசிரியர் ஒருத்தர், இது நம்ம பரீட்சையப் பத்துன படம், ஒரு சீட்டுக்கு எத்தன பேரு அடிச்சிக்கிடுதோம்னு விளக்கம் குடுக்காரு. ஒரு பையன், "சார், ரத்தம் பாக்க நல்லா இல்ல, தக்காளிச் சட்னி மாதிரி இருக்கு"ங்கான். ஆளாளுக்கு ஒண்ணு. எங்க வட்டத்து பேஸ்புக் பக்கத்துல எல்லாத்தையும் எழுதணும். அண்ணாச்சி, நீங்க என்ன நெனைக்கீங்க?

— நானா? கடைசியில அந்த ரயில்ல ஏறுனானே ஒரு பய, அவன்தான் ஆளு. விரலு ரெண்டு போச்சு, காது ஒண்ணு போச்சு, பல்லக் கடிச்சிக்கிட்டு நின்னான்லா. வந்தா ஒரு முடிவோட வரணும், இல்லன்னா வரப்படாது. அது கெடக்கட்டும், பசுவந்தனை பஸ்சு இன்னும் வரலியே.

— கேட்டியா தம்பி? இதையும் எழுதிக்கோ. ஏறுன பயலோட மொகத்தப் பாத்தாவளா இவிய? அது உசுரோட இருக்குதவன் மொகமா?

— நான் உங்ககிட்டதான்க்கா முக்கியமாக் கேக்கணும். கழுத்த வெட்டுத இடத்துல எல்லாம் கையக் கட்டிக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு பிள்ளைய சும்மா ஒக்காந்து பேசுத இடம் அது. ரத்தமே கெடையாது. அங்கன போய்க் கத்துனீங்களே, எதுக்கு?

— ரத்தம் இல்லன்னு யாரு சொன்னா? அந்தப் பிள்ள கோட்டுக்குள்ள வயித்துல குத்து வாங்கியிருக்கா. கூட இருக்கவளுக்குத் தெரியக்கூடாதுன்னு கைய வச்சி மறைச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. அவ என்னட்டி ஆச்சுன்னு கேக்கா. இவ சிரிச்சிக்கிட்டே ஒரு வார்த்த சொல்லுதா. தைஜோபு. தைஜோபுன்னு மறுபடியும் சொல்லுதா. கீழ தமிழ்ல என்ன ஓடுச்சு தம்பி?

— "எனக்கு ஒண்ணுமில்லை"ன்னு. அந்தத் தமிழ் எழுத்து நான் போட்டதுதான். அதுக்கு அர்த்தம் அதான்க்கா. ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன், கவலப்படாத, அப்பிடி.

— எம்மவ ஜெயப்பிரியா போன வைக்கும்போது தெனம் அதத்தான் சொல்லுவா.

— வைக்கும்போதா?

— நான் அது "வைக்கட்டா"ன்னு சொல்லுதான்னு நெனச்சிருந்தேன். நம்ம "போயிட்டு வாரேன்" மாதிரி. நானும் "தைஜோபு மக்கா"ன்னு சொல்லிட்டு வச்சிருவேன். பால் ஊத்த வாரவருகிட்டயும் தைஜோபு, பஸ்சு கண்டக்டருகிட்டயும் தைஜோபு.

— நான் வணக்கம்னுல்லா நெனச்சேன். அவளுக்கு ஊர்ல பாராட்டு விழா வச்சோம்லா மிக்கேலு? மைக்கப் பிடிச்சி, "ஊர்ப் பெரியோர் அனைவருக்கும் தைஜோபு"ன்னேன். கைதட்டுனானுவ.

— சிரிப்பா வருது உங்களுக்கு?

— நான் எங்கட்டி சிரிச்சேன்?

— தம்பி, நீங்க படிச்சவிய. சொல்லுங்க. நல்லாருக்கவ தெனம் தெனம் "எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்லுவாளா? கேக்காமலே சொல்லுவாளா?

— அப்பிடியில்லக்கா. அங்க எல்லாரும் பேச்சுக்குப் பேச்சு சொல்லுத வார்த்ததான். காப்பி வேணுமான்னு கேட்டாக்கூட தைஜோபுன்னா, வேண்டாம்னு அர்த்தம். நீங்க பாட்டுக்கு இத அதோட முடிச்சுப் போட்டு...

— முடிச்சு நான் போடல. மாசி மாசம் அவ போன்ல அழுதா. வயசாளிகளக் குளிப்பாட்டி, தூக்கி ஒக்கார வச்சி, இடுப்பு விட்டுப் போச்சும்மான்னா. கூட வேல பாக்குதவிய ஒருத்தரும் மொகம் குடுத்துப் பேசலன்னா. "அம்மா, நான் வந்துரட்டா?"ன்னு கேட்டா. நான் "வா"ன்னு சொல்ல வாயத் தெறக்கேன். இவிய போனப் பிடுங்கிட்டாவ. என்ன சொன்னாவன்னு அவியகிட்டயே கேளுங்க.

— பஸ்ஸ்டாண்டுல வச்சிப் பேசுத பேச்சா இது?

— சொல்லுங்க அண்ணாச்சி, நான் வேத்தாளா? அந்தப் பாராட்டு விழாவுக்கு பேனர் அடிச்சுக் குடுத்ததே நாந்தான.

— அதத்தான்டே சொன்னேன். "பசுவந்தனை விலக்குல, ஊருக்கு ரோடு பிரியுத எடத்துல, உன் போட்டோவ போட்டு, 'ஜப்பான் செல்லும் எங்கள் ஊரின் முதல் மகள்'னு பேனர் நிக்கி. அதக் கடந்து எப்பிடிட்டி வீட்டுக்கு வருவ? கொஞ்சம் பொறு, பல்லக் கடிச்சிக்கிட்டு இரு"ன்னேன். எல்லா அப்பனும் சொல்லுததுதான. மழ இல்லாத காட்டுல பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு கெடக்கோம். பிள்ளையாவது பிழைக்கட்டும்னு நெனச்சது குத்தமா?

— அதுக்கப்பறம் அவ வாரேன்னு கேக்கவேயில்ல தம்பி. அதுக்கப்பறந்தான் இந்தத் தைஜோபு. மொகத்தக்கூடக் காட்டல. வேல பாக்குத எடத்துல வீடியோ போடக்கூடாதாம்மான்னுட்டா.

— சட்டம் அப்பிடி இருக்கும். வெளிநாடுல்லா.

— நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இப்ப அவளுக்குப் போன் போடப் போறேன். நீங்க உங்க வாயால, "பிள்ள, வந்துரு"ன்னு சொல்லணும். அந்த ஒரு வார்த்த. சொல்லலன்னா நான் ஊருக்கு பஸ்சு ஏற மாட்டேன். இங்கனயே ஒக்காந்திருப்பேன்.

— எட்டு மணிக்குத்தான் கூப்பிடணும்னு சொல்லிருக்கால்லா? இப்ப வேலையில இருப்பா. மேனேஜர் வையப் போறான்.

— வையட்டும். தம்பி, இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்ல போட்டுக் குடுங்க.

— வாட்சப்புல போட்டாச்சுக்கா. அடிக்கி.

— ஹலோ... அம்மா? என்னம்மா இந்நேரத்துல? யாருக்கும் ஏதும்...

— ஒண்ணுமில்ல மக்கா. சும்மாதான். சாப்பிட்டியா?

— சாப்பிட்டேன். நீங்க எட்டு மணிக்குத்தானம்மா கூப்பிடுவீங்க?

— உன் நாட்டுப் படம் ஒண்ணு பாத்தோம் மக்கா, கோயில்பட்டியில. நானும் உங்கப்பாவும்.

— அய்ய, என்ன படம்? நல்லாருந்துச்சா?

— ஒரே பனி. உனக்கு அங்க குளுருதா?

— ஆமாம்மா, இப்பக்கூடக் கொட்டிக்கிட்டுதான் இருக்கு. ஜன்னலத் தெறக்க முடியல. சரி, எனக்கு டூட்டி இருக்கு, தைஜோபு, வைக்...

— வைக்காத! அந்த வார்த்தையச் சொல்லாதட்டி. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லாத. என்னன்னு சொல்லு. மூக்க உறிஞ்சுதியே, அழுதியா?

— இல்லம்மா. சளி.

— இந்தா, உங்கப்பா பேசணும்ங்காவ. பிடிங்க. பிடிங்கங்கேன்லா.

— ஜெயா.

— அப்பா.

— நல்லாருக்கியா?

— நல்லாருக்கேம்ப்பா. நீங்க? மழ பெஞ்சுச்சா?

— எங்க பெஞ்சுச்சு. மேகம் கூடுது, எட்டயபுரம் பக்கம் போயிருது. அது கெடக்கட்டும்... உங்கம்மா ஒண்ணு சொல்லச் சொல்லுதா.

— சொல்லுங்கப்பா.

— என்னன்னா... படத்துல ஒரு பயலப் பாத்தேன். அவன்...

— அந்தப் பயல விடுங்க! சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தைய.

— பொறுட்டி, சொல்லுதேன்லா. ஜெயா, பேனரு இன்னும் விலக்குலதான் நிக்கி. காத்துல ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு. உன் மொகத்துல படல. நல்லாத்தான் இருக்கு.

— சரிப்பா.

— குளுருக்கு ரெண்டு சட்டையாப் போட்டுக்கோ. கொஞ்சம்... இன்னுங் கொஞ்ச நாளு பொறுத்துக்கிட்டன்னா...

— ஆத்தே, நீங்கெல்லாம் ஒரு மனுசரா?

— பொறுத்துக்கிடுதேம்ப்பா. நீங்க கவலப்படாதீங்க. இங்க எல்லாரும் எங்கிட்ட நல்லாத்தான்...

— பல்லடம், திருப்பூர்! பல்லடம், திருப்பூர்! ஏனுங்க, போனு பேசிட்டிருக்கற அக்கா, ஏறறதுன்னா வெரசா ஏறுங்க, வண்டி எடுத்தாச்சுங்க!

— ஏட்டி? உன் பக்கத்துல கத்துதது யாருட்டி? ஜெயா? ஏட்டி ஜெயா!

— கட்டாயிட்டுக்கா.

— மறுபடியும் போடுங்க தம்பி. போடுங்க.

— போட்டேன். அடிக்கவேயில்ல, போன அணைச்சிட்டா போல.

— பனி கொட்டுதுன்னாளே. ஜன்னலத் தெறக்க முடியலன்னாளே.

— டிவியா இருக்கும்க்கா. அங்கயும் தமிழ்ப் படம் வரத்தான செய்யும். ஏதோ படத்துல கண்டக்டர் கத்தியிருப்பான்.

— படத்துலயா? "போனு பேசிட்டிருக்கற அக்கா"ன்னு எம்மவளத்தான கூப்பிட்டான், மிக்கேலு.

— அண்ணாச்சி, கொஞ்சம் ஒக்காருங்க.

— என்னைக்கு வந்தாளோ. வந்து, வீட்டுக்கு வர வழி தெரியாம, எங்கன தங்கி, என்னத்தத் தின்னுக்கிட்டு... பனியில இருக்குத மாதிரி தெனம் எனக்குச் சொல்லிக்கிட்டு.

— பசுவந்தனை பஸ்சு வந்துட்டு அண்ணாச்சி. அக்காவ மெதுவாக் கூட்டிட்டுப் போயி ஏறுங்க, நான் நாளைக்கு வந்து...

— அது போவட்டும் தம்பி, நான் ஏறல. திருப்பூரு பஸ்சு எங்கன நிக்கும்?