‘ஓம்’ என்ற சொல்லைக் காதுகொடுத்துக் கேட்ட கௌசலா அக்காவுக்கு

அழைத்தவர் குரலுக்கு அயராமல் செவிகொடுத்த அன்பே! பதினேழு ஆண்டுகள் புவாண்ட்-கிளேரின் பனியிலும் பணியிலும் பிந்தாத பெருமையே! முறையீட்டுப் பிரிவின் மூத்தவரே, திருமதி கௌசலா ஞானேந்திரன் அவர்களே! உங்கள் சகபணியாளர்களின் வணக்கம்.

ஓய்வுபெற்றுப் போகிறவருக்கு எழுதும் இத்தகைய பிரியாவிடை மடல்களில் நல்லதை மட்டுமே எழுதுவார்கள். நாங்கள் ஒரு குற்றத்தையும் எழுதுகிறோம். அது எங்களுடையது.

வந்திருக்கும் உறவினர்களுக்கு முதலில் எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கு மருத்துவக் காப்புறுதி தரும் ஒரு நிறுவனத்துக்காக நாங்கள் இங்கே கனடாவிலிருந்து உழைக்கிறோம். சிகிச்சை மறுக்கப்பட்டவர்களின் முறையீடுகள் எங்களிடம் வரும். மறுப்பது மருத்துவரா, கணினியா என்பதுதான் அந்த நாட்டில் இப்போது பெரிய விவாதம். மருத்துவர்தான் என்கிறது நிறுவனம். நாற்பது பக்கக் கோப்பை ஒரு நிமிடத்தில் வாசித்து முடிக்கும் மருத்துவர் எவரையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. “இஞ்சை ஆஸ்பத்திரியிலை பதினாறு மணித்தியாலம் இருத்தி வைச்சாவது பாப்பினம். அங்கை இருக்கவே விடமாட்டினம்” என்று எங்கள் டெனிஸ்டன் சொல்வார்.

சந்தேகம் பொல்லாதது. மேலே போக வழியில்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் மேல் பாயும். சென்ற ஆண்டு அது உங்கள் மேல் பாய்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டீர்கள். கொப்பியில் ஏதோ எழுதினீர்கள். எங்கள் அழைப்புகளும் பதிவாகின்றன என்பது எங்களுக்குத் தெரியும். “அக்கா எங்கடையைத்தான் கேக்கிறா, கவனமாக் கதையுங்கோ. பேந்து மேலிடத்துக்குப் போயிடும்” என்றார் டெனிஸ்டன். நாங்களும் நம்பினோம். பக்கத்து மேசை றொஷினி கதிரையைத் தள்ளிப் போட்டார். இந்த மடலை எழுதும் நான், தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவன், உங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தினேன். நீங்களோ ஒவ்வொரு காலையும் முதலில் வணக்கம் சொன்னீர்கள்.

சென்ற மாசியில் கனகமணி அம்மாவின் கோப்பு வந்தது. அவர் சம்மதத்தோடுதான் பெயரைச் சொல்கிறோம்; தமிழில், இரண்டு தரம் கேட்டோம். நியூ ஜேர்சியில் வாழும் எழுபத்தெட்டு வயது யாழ்ப்பாணத்துப் பெண்மணி. பனியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். நடை பழக்கும் நிலையமொன்றில் இருந்தார். இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர் எழுதியிருந்தார். நிறுவனமோ வெள்ளிக்கிழமையே அனுப்பச் சொன்னது. அவர் வீடு மூன்றாம் மாடியில், மின்தூக்கி இல்லை. கோப்பில் இருந்த காரணம் ஒரே வரி: நோயாளி வீட்டுக்குப் போகவே விரும்பினார்.

மருத்துவர் ஒன்று சொல்ல, நோயாளி வேறு சொல்வாரா என்று நீங்கள் ஐயப்பட்டீர்கள். நிறுவனத்தின் கணினி அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பதிவைத் திறந்தீர்கள். பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பின், எங்களைக் கூப்பிட்டீர்கள். “டெனிஸ்டன், இஞ்சை வா. இந்த மனுசி என்ன சொல்லுறா எண்டு கேள்.”

இயந்திரக் குரல் ஆங்கிலத்தில் நீட்டி நீட்டிக் கேட்டது: நிலையத்திலேயே இருக்க விருப்பமா, வீட்டுக்குப் போக விருப்பமா? கனகமணி அம்மா மரியாதையாக “ஓம்” என்றார். குரல் மறுபடியும் கேட்டது. “ஓம், ஓம்” என்றார்.

“ஓம் எண்டுதானே சொல்லுறா?” என்றார் டெனிஸ்டன்.

“மிசின் என்ன எழுதியிருக்கு, பார்.”

‘ஹோம்’ என்று எழுதியிருந்தது. வீடு! டெனிஸ்டன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். நாங்கள் சம்மதத்துக்கு மட்டுமா ஓம் சொல்கிறோம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லு என்பதற்கும் அதுதானே.

முடிந்த கோப்பைத் திறக்க முடியாது என்றார் மேலாளர். நோயாளி தன் வாயாலேயே சொல்லிவிட்டாராம். நீங்கள் வாதாடவில்லை. கனகமணி அம்மாவுக்கே அழைப்பெடுத்தீர்கள்.

“அம்மா, உங்களுக்கு வீட்டை போக விருப்பமோ, அங்கையே நிண்டு நடை பழக விருப்பமோ?”

“ஆர் பிள்ளை, தமிழோ? எனக்குக் கால் ஊண்ட ஏலாது. மூண்டு மாடி எப்பிடி ஏறுறது? போகச் சொல்லிப்போட்டினம், நான் என்ன செய்ய?”

அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் எழுதி, கீழே உங்கள் பெயரை இட்டு, மறுப்பில் ஒப்பமிட்ட மருத்துவருக்கே அனுப்பினீர்கள். ‘இந்தப் பதிவை நீங்கள் கேட்டீர்களா?’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்தீர்கள். வியாழன் மாலை மூன்று வாரங்களுக்கு அனுமதி வந்தது. மன்னிப்பு வரவில்லை. ‘புதிய தகவல் கிடைத்தபடியால்’ என்று இருந்தது. எது புதிய தகவல்? அவர் இடுப்பு அன்று காலையிலா முறிந்தது? உங்கள் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

அன்றுதான் றொஷினி கொப்பியைப் பற்றிக் கேட்டார். விரித்துக் காட்டினீர்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன முதியவர்களின் பெயர்கள், பக்கம் பக்கமாக. “உங்கடை கதையைக் கேக்க எனக்கென்ன விசரோ? முழுக்க சேல் விலையும் சீரியலும்தானே!” என்று சிரித்தீர்கள். நாங்கள் சிரிக்க முடியாமல் நின்றோம். அக்கா, எங்களை மன்னியுங்கள்.

சித்திரையில் கனகமணி அம்மா எங்கள் பிரிவுக்கு அழைப்பெடுத்து உங்களைக் கேட்டார். நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்றோம். “அப்ப குழப்பாதேங்கோ. இடைக்கிடை இருந்து இருந்து மூண்டு மாடியும் ஏறிட்டன் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ” என்றார்.

இப்போது இயந்திரத்தைத் திருத்திவிட்டார்களாம். ஆகவே உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்கமாட்டார்களாம். எங்களுக்கு நம்பிக்கை இல்லை. மறுக்கப்பட்ட ஒவ்வொரு பதிவையும் ஒரு மனிதர் கேட்க வேண்டும் என்று ஆறு பேரும் ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை சாப்பாட்டு நேரத்தில் முறைவைத்துக் கேட்கிறோம். திங்கட்கிழமை என் முறை.

ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோவில்லாத முழங்கால்களையும் நிறைந்த நித்திரையையும் அருள்வாராக! உங்கள் முதுமையில் யாரேனும் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டால், நீங்கள் சொல்லி முடிக்கும்வரை மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பாராக!

அன்போடும் வெட்கத்தோடும்,
முறையீட்டுப் பிரிவின் தமிழ்ப் பணியாளர்கள், புவாண்ட்-கிளேர்
அவர்கள் சார்பில் எழுதியவர்: செபமாலை