பெயருக்கு முன்னால் மூன்று வினாடி

இந்த அறையில் சத்தம் நன்றாக அடங்கியிருக்கிறது. உள்ளே வந்ததும் முதலில் கவனித்தது அதைத்தான். நான் காது பரிசோதிப்பவன். பதினெட்டு வருடமாக மெல்பேர்னில், ஓக்லீயில் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில், சத்தம் புகாத அறைக்கு வெளியே உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறேன். உள்ளே இருப்பவருக்குக் கேட்டால் கையைத் தூக்குவார். கேட்காவிட்டால் சும்மா இருப்பார். மனிதர்கள் சும்மா இருக்கும் நேரத்தைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும்.

என் மகனின் பெயரிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் கிரேக்கக் குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். யாரும் யாரையும் கேட்பதில்லை. அப்படித்தான் நான் எபமினோந்தாஸ் ஆனேன். பள்ளியில் ஆசிரியை பெயர்களை வாசித்துக்கொண்டே வருவார். என் பெயர் வந்ததும் நிற்பார். மூன்று வினாடி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலாளர் அந்த மூன்று வினாடி நின்றுவிட்டு, "உங்களை நார்மன்னு கூப்பிடலாமா?" என்றார். அன்றிலிருந்து நார்மன்.

என் தம்பி இரண்டாவது மகன். அவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் போயிற்று. பிலிப்போஸ். இங்கிருப்பவர்களுக்கு பிலிப். அவன் பெயருக்கு முன்னால் யாரும் நின்றதில்லை. எங்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயருக்குரிய புனிதரின் திருநாள்தான் பெரிது. நவம்பர் பதினான்கு அன்று அவனுக்காக வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். அம்மா இருந்தவரை ஆட்டுக்கறி சமைப்பாள். எபமினோந்தாஸ் என்று புனிதர் யாரும் இல்லை. அதனால் எனக்கு நாளும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரிசையைச் சொல்கிறேன்.

என் மகன் பிறந்தபோது அவனுக்கு வரவேண்டிய பெயர் என் அப்பாவுடையது: பொலிக்ரோனிஸ். என் மனைவி ஹெதர் பல்லராட்டுக்காரி. கிரேக்கப் பெண் அல்ல. அவள் அம்மா தொலைபேசியில் பெயரைக் கேட்டுவிட்டு, "சுருக்கமா பாலின்னு கூப்பிடலாமா? எங்க வீட்டுக் கிளிக்கு அந்தப் பேருதான் வச்சிருந்தோம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

இரண்டு மொழியிலும் நிற்கும் பெயர் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். வேலை முடிந்த பிறகு என் குரலிலேயே பெயர்களைப் பதிவு செய்து, பரிசோதனை அறையில் உட்கார்ந்து கேட்பேன். முதலில் கிரேக்கத்தில், பிறகு ஆங்கிலத்தில். ஜார்ஜ் சரியாக இருந்தது. ஆனால் எங்கள் கிரேக்கச் சங்கத்தில் ஜார்ஜ் என்று கூப்பிட்டால் பதினோரு பேர் திரும்புவார்கள். லூக்கா என்பது ஹெதர் முன்பு பழகிய ஒருவனின் பெயர். தாமஸ் என்றால் அந்தப் பெயருள்ள கார்ட்டூன் ரயிலை நினைத்து எல்லாப் பிள்ளைகளும் ரயில் சத்தம் போடுகிறார்கள். நாற்பத்தொரு பெயர் கேட்டேன். ஒன்றுதான் தேறியது. அது ஏற்கெனவே என் தம்பியிடம் இருந்தது.

அப்பா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"என் பேருக்கு என்னடா குறைச்சல்?" என்றார் அப்பா. "பல காலம் வாழ்றவன்னு அர்த்தம். சும்மாவா?"

"கார் ஃபேக்டரில முப்பது வருஷமா உங்களை பால்னுதானப்பா கூப்பிட்டாங்க" என்றான் பிலிப்போஸ், வாயில் ரொட்டியோடு.

"அது அவனுங்க நாக்கு பண்ண தப்பு. என் பேரு என்ன பண்ணுச்சு?" பிறகு என்னைப் பார்த்தார். "என் பேரு வேணாம்னா இப்பவே சொல்லு. நாளைக்கே குழி வெட்டிப் படுத்துக்கறேன்."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாரு" என்றான் தம்பி. "அண்ணே, பேசாம தலையாட்டிடு. இல்லேன்னா இனிப்பு வர்றவரைக்கும் செத்துக்கிட்டே இருப்பாரு."

ஹெதர் சிரித்துவிட்டாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பிலேயே அவர் பக்கத்துத் தெரு ஸ்டெர்யோஸ் கதையை எடுத்தார். ஸ்டெர்யோஸின் மூத்த பேரனுக்கு அவர் பெயரை வைக்காமல், விபத்தில் இறந்துபோன சித்தப்பாவின் பெயரை வைத்திருந்தார்கள்.

"அவருக்கு வருத்தம் இல்லையா?" என்று கேட்டேன்.

"என்ன வருத்தம்? உயிரோட இருக்கறவன் காத்திருப்பான். செத்தவன் எங்கடா காத்திருப்பான்? கல்யாணம் காட்சி பாக்காம போனவன் பேரை முதல்ல எடுக்கணும். அதுக்கு முன்னாடி நானெல்லாம் யாரு?"

மேசையில் எல்லோர் காதிலும் அது விழுந்தது. கேட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

எடுத்த எடுப்பில் எதுவும் செய்துவிடவில்லை. தம்பிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அவன்தான் குழந்தைக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் குழந்தையின் பெயரைப் பாதிரியாரிடம் உரக்கச் சொல்பவர் ஞானத்தகப்பன்தான். அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அதுதான் பெயர். பாதிரியார் கேட்கும்போது அப்பா பெயருக்குப் பதிலாக உன் பெயரையே சொல்லிவிடு என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன்.

"நார்மன் சார், விளையாடறீங்களா?" என்று முதலில் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்பா முகத்துக்கு நேரா நின்னு எப்படிச் சொல்றது? அவரு பேரைத்தான் சொல்வேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். நான் உயிரோட இருக்கறவரைக்கும் அது நடக்காது" என்றான்.

அவன் யோசித்துச் சொன்னான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அவனுக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. மின்சார வேலை செய்வான். சனிக்கிழமை காலையில் தெற்கே கடற்பாறைகளில் நின்று தூண்டில் போடுவான். அந்தச் சனிக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எனக்குப் பிடிக்கும் என்று வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ஆலிவ் காயும் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

காலை எட்டு மணி இருக்கும். நல்ல வெளிச்சம். அவன் பாறை விளிம்பில் நின்றான். இதற்கு நிறைய பலம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒரு கை போதும். முதுகில் என் கை பட்டதும் நான் வழுக்குகிறேன் என்று நினைத்துவிட்டான். திரும்பி, "அண்ணே, பாத்து" என்று என்னைப் பிடிக்கத்தான் கையை நீட்டினான். நல்ல மனசு. பெயரோடு அந்த மனசும் குழந்தைக்கு வந்தால் நல்லது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு அலைச் சத்தம் மட்டும்தான். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உதவிக்குத் தொலைபேசி செய்தேன்.

அடக்கம் முடிந்த அன்று சமையலறையில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், வற்புறுத்தவில்லை.

"என் பேரு வேணாம்பா" என்றார். "அவன் பேரை எடு. அந்தப் பேரு இந்த வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"உங்க இஷ்டம்ப்பா" என்றேன்.

நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கு முடிந்ததும் ஞானஸ்நானம் நடந்தது. தம்பியின் இடத்தில் ஒரு சிற்றப்பா மகன் நின்றான். பெயர் என்ன என்று பாதிரியார் கேட்டார். "பிலிப்போஸ்" என்றான். பல்லராட்டிலிருந்து வந்த மாமியார் பின்வரிசையில் "பிலிப்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தடையே இல்லை. அப்பா அழுதார். எல்லோரும் அழுதார்கள். ஒரு பெயர் இரண்டு மொழியிலும் இவ்வளவு சுலபமாக நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. இங்கே பிறப்பைப் பதிய அறுபது நாள் கொடுக்கிறார்கள். பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு ஹெதர் எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தாள். "நீயும் உங்க அப்பாவும் தீர்த்துக்குங்க, எனக்குத் தூங்கணும்" என்றாள். பாறைக்குப் போன சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. நான் கெடுவைத் தாண்டுகிறவன் அல்ல. வியாழக்கிழமையே பிலிப் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

சான்றிதழ் போன வாரம் வந்தது. அதில் பதிந்த தேதியும் இருந்தது. ஹெதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். நான் அளக்கவில்லை, மூன்று வினாடிக்கு மேல் நிச்சயம் இருக்கும்.

"அந்த வியாழக்கிழமை உன் தம்பி நம்ம வீட்டுலதானே சாப்பிட்டாரு?" என்றாள். "நீதானே ரெண்டாவது தடவையும் பரிமாறுன?"

ஆமாம் என்றேன். அவள் சான்றிதழை மேசையில் வைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது காரில் அவனைப் பெயர் சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தாள். வாசல் வரை கேட்டது.

அதனால் நானே நடந்து வந்தேன். செய்தது நான்தான். குழந்தைக்காகச் செய்தேன். எனக்காக ஒன்றுமில்லை, என் பெயரோடு நாற்பது வருடம் இருந்துவிட்டேன், மீதியும் இருந்துவிடுவேன். ஒரு பிள்ளையின் பெயருக்கு முன்னால் யாரும் தயங்கி நிற்காமல், பார்த்தவுடன் கூப்பிடட்டும் என்பதற்காகத்தான்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். கீழே முகப்பில் இருந்த இளம் பெண் காவலர் என் பெயர் கேட்டார். பிலிப் என்று சொல்லிவிட்டேன். குழந்தையை நினைத்துக்கொண்டே வந்ததில் வாய் தவறியது, வேறொன்றுமில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உடனே எழுதிக்கொண்டார்.

அதை அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொள்ளுங்கள். அடிப்பதற்கு முன்னால், சிரமம் இல்லையென்றால், அந்தப் பெயரை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.