டப்பாவில் கொடுத்த ஆல்டர்னேட்டர்

ஆல்டர்னேட்டர் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சார். வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான் அது. முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். பிறகு பெல்ட், இரண்டு வயர், மூன்று போல்ட். ஒரு மணி நேர வேலை.

அண்ணன் வண்டியில் பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்தது ஞாயிற்றுக்கிழமை. என் மெக்கானிக் ஷெட்டைத் தவிர வேறு எதுவும் திறந்திருக்கவில்லை. அண்ணிதான் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில செக்கப், தம்பி. மலை ஏறி இறங்கணும். மெஷின் வேற வண்டி கரண்ட்லதான் ஓடுது. எப்படியாவது முடிச்சுக் குடுங்க."

மெஷின் என்றால் ஆக்சிஜன் மெஷின். அண்ணனுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. மெஷினுக்குள் இருக்கிற பேட்டரி செத்து ஒரு மாதம் ஆகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வாரம், என் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். அவர் முன்னால் அண்ணன் சொன்னார்: "இவன் கை வச்ச வண்டியில ஏறணும்னா உயில் எழுதி வச்சிட்டுத்தான் ஏறணும், சம்பந்தி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புது ஆல்டர்னேட்டர் வாங்கினேன். அலமாரியில் வைத்தேன். பழையதைப் பெட்ரோலில் கழுவி, வெள்ளி பெயிண்ட் அடித்து, அதையே திரும்பப் பூட்டினேன். டேஷ்போர்டில் அந்தச் சின்ன விளக்கைப் பிடுங்கினேன். பேட்டரிக்கு முழுச் சார்ஜ் ஏற்றினேன். பாதி மலையாவது ஏற வேண்டும் அல்லவா?

கழற்றிய பழைய சாமானைப் புதுசு வந்த டப்பாவில் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில் மரியாதை. வேறொரு வண்டியின் செத்த ஆல்டர்னேட்டரைப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் வண்டி ஆல்டர்னேட்டரின் சக்கரத்தில் பெல்ட் உட்கார ஆறு வரிப் பள்ளம். டப்பாவில் போனதற்கு ஐந்து வரி. எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் மெக்கானிக் எண்ணியிருக்கிறார். கெட்டிக்காரர்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்தார். வண்டி நின்றுவிட்டது, மெஷினும் நின்றுவிட்டது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீங்க அண்ணி. அவங்க கீழேருந்து வர ஒரு மணி நேரம் ஆகும். நான் இந்தப் பக்கம்தான் வந்திருக்கேன். பத்தே நிமிஷம்."

அது பொய்யில்லை. இரண்டு வளைவு தள்ளித்தான் நின்றிருந்தேன். சார்ஜ் ஏற்றிய பேட்டரி பக்கத்து சீட்டில் இருந்தது. ஃபிளாஸ்க்கில் டீயும் இருந்தது.

இரண்டாவது தடவை அண்ணனே பேசினார். "என்னடா... எங்கடா..." அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

"வந்துட்டேண்ணா. முன்னால ஒரு லாரி மறிச்சிட்டு நிக்குது."

லாரி எதுவும் இல்லை. டீயைக் குடித்து முடித்தேன். மூன்றாவது, நான்காவது அழைப்புகளை எடுக்கவில்லை. போன் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வண்டியை எடுத்தேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு காரு நின்னுச்சு, தம்பி. ஏத்திட்டுப் போறோம்னு கெஞ்சாத குறையாக் கேட்டாங்க. இவருதான் வேண்டாம்னு தலையை ஆட்டிட்டாரு. தம்பி வந்துடுவான்னு ரோட்டையே பார்த்துட்டிருந்தாரு."

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அண்ணனைக் கொன்றவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் அவர் என்னை எவ்வளவு நம்பினார் என்று பார்த்தீர்களா? எங்களுக்குள் பகை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.