நிழல் பார்த்துப் போட்ட கோடு

இருங்கம்மா, கையெழுத்துப் போட என்ன அவசரம்? ஃபாரம் எங்கயும் ஓடிடாது. இந்த ரூம்ல எதுவுமே ஓடாது, எல்லாம் கல்லு. அந்த மூட்டையை நகர்த்திட்டு ஸ்டூல்ல உட்காருங்க. ஐயோ, அந்த டப்பாவைத் தொடாதீங்க. பிஸ்கட் டப்பாதான், ஆனா உள்ள பிஸ்கட் இல்ல. அப்புறம் சொல்றேன்.

என்னை ஞாபகம் இருக்காது உங்களுக்கு. உங்க அப்பா இங்க புரொபசரா இருந்தப்ப, ஸ்கூல் விட்டு வந்து இதே மேஜைக்கு அடியில வீட்டுப்பாடம் எழுதுவீங்க. நான்தான் கல்லு வெட்டுறவன். மிஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கிட்டு என்னை முறைப்பீங்க. ஆமாமா, அதே ஆளுதான். வெள்ளிக்கிழமையோட ரிட்டயர்டு. முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்ததுக்குச் சுவர்க்கடிகாரம் தரப்போறாங்களாம். இத்தனை வருஷம் மணி பார்த்து மணி பார்த்து ஓடினவனுக்கு, இனிமே ஓட வேண்டாம்னதும் கடிகாரம். என்ன ஒரு அக்கறை பார்த்தீங்களா!

ஃபாரத்துல என்ன போட்டிருக்கு? உங்க அப்பா கொண்டு வந்த கல்லையெல்லாம் அப்புறப்படுத்துறாங்களாம். அப்படின்னா என்ன தெரியுமா? பின்னாடி வண்டி நிறுத்துற இடத்துல கொட்டி, மேல ரோலரை விட்டு நசுக்குறது. தென் துருவத்துல இருந்து கப்பல் ஏறி வந்த கல்லு, நம்ம துறைத் தலைவரு காருக்கு அடியில போய்ப் படுக்கணும். டை சார்னு சொல்லுவோம் அவரை. வேர்த்துக் கொட்டினாலும் டையை அவுக்க மாட்டாரு. ரொம்பக் கௌரவமான இடம்தான்.

அப்பா என்ன சொன்னாரு? நீயே போய் முடிச்சுட்டு வான்னுட்டாரா? ம். அவரு எப்படி இங்க வருவாரு.

அந்தக் கதை உங்களுக்கு எவ்வளவு தெரியும்? வீட்டுல கல்லைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாதா? சரி, நான் சொல்றேன். நான் படிச்சவன் இல்ல, ஆனா முப்பத்தொரு வருஷமா ஒட்டுக் கேட்டிருக்கேன். நூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி நிலமெல்லாம் ஒரே துண்டா ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். பேரு ரொடீனியா. ஏதோ பல்வலி மாத்திரை மாதிரி ஒரு பேரு. அப்புறம் என்ன, கூட்டுக்குடும்பம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? பிச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடுச்சு. மறுபடி சேர்ந்துச்சு, மறுபடி பிரிஞ்சுச்சு. அப்ப யாரு யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு சண்டை போடத்தான் இங்க மாடி மாடியா ரூம் போட்டு இவங்களுக்குச் சம்பளமும் கொடுக்கிறாங்க. துருவத்து நிலத்தோட ஒரு ஓரம் நம்ம பக்கத்து மலையோட முதுகும் முதுகுமா ஒட்டியிருந்துச்சுன்னாரு உங்க அப்பா. யாரும் நம்பல.

நிரூபிச்சுக் காட்டுறேன்னு அந்தப் பனிக்குள்ள போனாரு. நாலு மாசம். தாடியோட திரும்பி வந்தவரைப் பார்த்து, யாரோன்னு பயந்து நீங்க அழுதீங்களாமே? கொண்டு வந்தது மொத்தம் ஒன்பது கல்லு. பாறை இறுகுறப்ப, அன்னிக்கு வடக்கு எந்தப் பக்கம்கிறது உள்ளயே காந்தமாப் பதிஞ்சுடுமாம். அதை வச்சு அந்த நிலம் எப்படித் திரும்பி இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாம். ஆனா கல்லைப் பேர்க்கிறதுக்கு முன்னாடி, இன்னிக்கு வடக்கு இதுன்னு மேல ஒரு அம்பு போட்டாகணும். அம்பு இல்லைன்னா வெறும் ஜல்லி. துருவத்துலயோ திசைகாட்டி முள்ளு எதைக் காட்டுதுன்னு அதுக்கே தெரியாதாமே. அதனால குச்சியை நட்டு, சூரியன் நிழலைப் பார்த்து, மணியைக் குறிச்சு, கையுறையைக் கழட்டிட்டு, அந்தக் குளிர்ல ஒவ்வொரு கல்லுக்கும் கோடு போட்டிருக்காரு. மனுஷனுக்கு வேற வேலையே இல்ல போலிருக்கு.

இங்க வந்ததும் அதை ரெண்டு விரல் உயரத்துக்கு உருளையா வெட்டி அளந்தாங்க. அஞ்சு கல்லு அவரு சொன்னதையே சொல்லுச்சு. நாலு கல்லு நேர் எதிர்ப் பக்கம் காட்டுச்சு. ஒரே பாறை, ஒரே இடம்.

நாலைத் தூக்கி ஓரமா வச்சிருந்தா இந்நேரம் இந்தக் கட்டடத்துக்கே அவரு பேரை வச்சிருப்பாங்க. இவரு பெரிய அரிச்சந்திரன், மாநாட்டுல ஒன்பதையும் போட்டுக் காட்டினாரு. டை சார் எழுந்து, ஏன் சார், உங்க கண்டம் காலையில ஒரு பக்கமும் சாயங்காலம் ஒரு பக்கமும் திரும்பி உட்காருமான்னு கேட்டாரு. மண்டபமே சிரிச்சுது. நான் பின்னாடி விளக்கு ஸ்விட்ச் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். சிரிப்பு அடங்கினதும் உங்க அப்பா, தப்பு என்னோடதுதான், கை விறைச்சுப் போயிருந்துச்சு, நாலு கோட்டைத் தலைகீழாப் போட்டிருப்பேன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாரு. அடுத்த மாசமே வேலையை விட்டாரு.

என்னம்மா? அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாங்களா? ஒரு கோடு ஒழுங்காப் போடத் தெரியாத மனுஷன்னா? இருபத்திரண்டு வருஷமாவா?

சரி. போன மாசம் பேப்பர்ல பார்த்தீங்களா? வெளிநாட்டுக்காரங்க அதே இடத்துல அறுபது கல்லு எடுத்து, முதுகும் முதுகுமாத்தான் ஒட்டியிருந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு டை சார் பேட்டி கொடுக்கிறாரு, எங்க துறைக்கு இது அப்பவே தெரியும்னு. கூச்சமே இல்லாம! அப்பா படிச்சாரா? என்ன சொன்னாரு? நல்லா கோடு போட்டிருக்காங்கன்னாரா?

அவ்வளவுதான் சொன்னாரா?

இப்ப அந்த டப்பாவை எடுங்க. மூடி இறுக்கமாத்தான் இருக்கும், அழுத்தித் திறங்க. நாலு சில்லு இருக்கா? வெட்டினப்ப விழுந்த மிச்சம். ஒவ்வொண்ணுலயும் கறுப்பு மையில அம்பு முனை தெரியுதா? அது உங்க அப்பா போட்டது. இந்தாங்க, அப்பா கல்லு இருக்கிற இந்தப் பெட்டியில இருந்து ஒரு உருளை, அந்தச் சில்லோட ஜோடி. ரெண்டையும் ஒட்டி வச்சுப் பாருங்க. அப்படி இல்ல, திருப்புங்க. ஆங், இப்ப உட்கார்ந்துச்சா? சில்லுல இருக்கிற முனை எந்தப் பக்கம் பார்க்குது? உருளையில சிவப்பா இருக்கிற முனை? நேர் எதிர்ப் பக்கம்தானே?

அந்தச் சிவப்பு நான் போட்டது.

வெட்டுறதுக்கு முன்னாடி முனையைக் கல்லுக்கு நடுவுல மாத்தி எழுதணும், அதான் முறை. நாலு கல்லுல மறந்துட்டேன். முனை மிச்சத்தோட போயிடுச்சு, கையில வெறும் கோடு. மிஷினுக்கு அடியில சேத்துல கையை விட்டுத் தேடியிருக்கலாம். சோம்பல்மா. இந்தப் பக்கமாத்தான் இருக்கும்னு குத்துமதிப்பாப் போட்டுட்டேன். சரியா மாத்திப் போட்டியான்னு உங்க அப்பா ஒரே ஒரு தடவை கேட்டாரு. சரியாத்தான் சார்னேன். மறுபடி கேட்கவே இல்ல. மாநாடு முடிஞ்சு மிஷினைக் கழுவினப்பதான் இந்தச் சில்லு கிடைச்சுது. அப்ப எனக்கு வேலை நிரந்தரமாகப்போற நேரம். பயம், வேற ஒண்ணும் இல்ல. தூக்கிப் போடவும் மனசு வரல.

முறைங்கம்மா, நல்லா முறைங்க. ஃபாரத்தை மட்டும் இப்படிக் கொடுங்க. அப்பா வீட்டுலதானே இருக்காரு? நானும் வரேன். பெட்டி கனம், அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. டப்பாவை வேண்டாம், அதை நான் எடுத்துக்கிறேன். அதை அவரு கையில நான்தான் கொடுக்கணும்.