நாகுலவரம் ரைஸ்மில் கதவு

பித்தளையைத் துலக்கப் புளியைவிட நல்லது எதுவும் இல்லை. கடையில் விற்கும் பொடி கீறல் விடும். எங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கும் அளவுப்படிகள், தாம்பாளங்கள், மில்லின் பழைய மணி எல்லாவற்றையும் பதினொரு வருடமாக நான்தான் துலக்குகிறேன். எனக்குப் பிறகு வருகிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர் காரு.

என் பெயர் சீதாபதி. ஊரில் சீதாபதி மாஸ்டாரு என்றால்தான் தெரியும். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்தினேன். ஓய்வு பெற்றதும், பூட்டிக் கிடந்த வீரராகவய்யாவின் ரைஸ்மில்லை ஊராரோடு சேர்ந்து அருங்காட்சியகம் ஆக்கினேன். வீட்டுக்கு வீடு போய்க் கேட்டேன். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருவர் படகுத் துடுப்பு கொடுத்தார். ஒருவர் தன் மாமனார் சிறைக்குப் போனபோது எடுத்துப்போன செம்பைக் கொடுத்தார். புதன்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். தங்கள் தெருவின் பெயரைச் சுவரில் பார்த்தால் அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

அவர்கள் அதிக நேரம் நிற்பது புயல் அறையில். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன், கார்த்திகை மாதத்தில் ஆந்திரக் கரையில் அடித்த புயலில் கடல் ஊருக்குள் வந்தது. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மில்லில் குமாஸ்தா. மாடி வைத்த கட்டடம் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். கடைத்தெருக்காரர்கள் முந்நூறு பேர் மாடியில் ஏறிப் பிழைத்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த கிழக்குப் பேட்டைச் சேரியிலிருந்து கடைசியாக வந்தவர்கள் முப்பத்தொரு பேர் கதவுக்கு வெளியே இறந்தார்கள். பெரும்பாலும் எங்கள் மில்லிலேயே நெல் புடைத்த பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அந்தப் பெயர்களைக் கருங்கல் பலகையில் வெட்டி வைத்திருக்கிறேன். எதிரே அந்தக் கதவையும் நிறுத்தியிருக்கிறேன்.

பிள்ளைகள் கேட்பார்கள். "தெறந்து விட்டிருக்கலாமே சார்?"

"வெளிப்பக்கம் தெறக்குற கதவும்மா அது. தண்ணி அழுத்திக்கிட்டு நின்னுச்சு. பத்துப் பேரு முட்டித் தள்ளியும் அசையல."

அவர்கள் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

புயலில் பிழைத்த எல்லாரிடமும் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பேர். எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்பேன். ஊரின் ஞாபகத்தைச் சேமிக்கிறேன் என்று பாராட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், கதவுக்குப் பக்கத்தில் நின்றதாக யாராவது சொன்னால், கூட யார் நின்றார்கள் என்று இரண்டு முறை கேட்பேன். அப்படிச் சொன்னவர்கள் மூன்றே பேர். மில் காவல்காரர் அப்பலசாமி போன வருடம் இறந்தார், அவர்தான் கடைசி. பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மாசி மாதம் ஒரு அம்மாள் வந்தார். ஐம்பத்தேழு வயது. வெள்ளைச் சேலை, கையில் குடை. பலகையின் முன்னால் வெகுநேரம் நின்று, ஒரு பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பத்தொம்போதாவது பேரு என்னுது பாபு. என்னையும் சேத்துக் கொன்னுட்டீங்களே."

சுவார்த்தம்மா. நெல் புடைத்த ஏசுமணியின் மகள். அப்போது ஒன்பது வயது, அம்மாவுக்குச் சோறு கொண்டுவருவாள். ஒரு பனந்தடியைப் பிடித்தபடி எட்டு மைல் மிதந்து போயிருக்கிறாள். மிஷன் விடுதியில் வளர்ந்து, விசாகப்பட்டினத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறாள். அம்மா பெயரும் தம்பி பெயரும் கல்லில் இருப்பதாக யாரோ சொல்லி, பார்க்க வந்தாள்.

பிறகு கதவின் பக்கம் போனாள். இடது கையை அதன் விளிம்பில் வைத்தாள். சுண்டு விரலும் பக்கத்து விரலும் இல்லை.

"துடுப்பு, செம்பு எல்லாம் வெச்சிருக்கீங்க. என் ரெண்டு வெரல மட்டும் காணோமே பாபு."

அந்த இரண்டையும் மறுநாள் காலை கதவிடுக்கிலிருந்து எடுத்து அப்புறப்படுத்தியவன் நான்தான். அதனால்தான் அவள் பெயரைச் சந்தேகமில்லாமல் பலகையில் சேர்த்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் என்னை மிரட்டவில்லை. அழவும் இல்லை. கேட்டது ஒரு வரி.

"கதவ உள்ளேருந்து சாத்துனாங்கன்னு எழுதுங்க. யாரு சாத்துனாங்கன்னு எழுத வேணாம். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், போதும். பிள்ளைங்க வந்து, பேட்டைக்காரங்க லேட்டா வந்ததால செத்தாங்கன்னு படிச்சிட்டுப் போகுதுங்க. எங்கம்மா லேட்டா வரல பாபு."

எழுதுகிறேன் என்றேன். அன்றே எழுதியிருக்கலாம். அரை மணி நேர வேலை.

அவள் பேட்டையில் ஒரு உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு வாராவாரம் வந்தாள். பெயிண்டர் வரவில்லை என்றேன். கமிட்டியில் கேட்க வேண்டும் என்றேன். இதற்குள் கடைத்தெருவில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். "யாரு மாஸ்டாரு அந்தம்மா? சுவார்த்தம்மான்னு சொல்லிக்குது?" நான் பொய் சொல்லவில்லை. "சுவார்த்தம்மா பேரு பலகைல இருக்கே, போய்ப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான். பார்த்தார்கள். அதன்பின் அவள் டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம், "டேய், வழி விடுங்கடா, செத்தவங்க வராங்க" என்று சிரித்தார்கள். கல்லில் எழுதியதை ஊர் நம்புகிறது. சரித்திர வாத்தியாரான எனக்கு அது தெரியாதா?

இனி வைகாசி மாதத்து அந்தச் சனிக்கிழமை. அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய அறையைத் திறக்கக் கலெக்டரம்மா பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. சுவார்த்தம்மா ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். கையில் மடித்த மனு.

"நீங்க எழுத மாட்டீங்கன்னு புரிஞ்சுபோச்சு. கோவம் இல்ல. கலெக்டரம்மா கையில குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

"நானே கூட்டிட்டுப் போறேம்மா. வெளிய வெயிலு. உள்ள உக்காருங்க, பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்."

பின்கட்டில் இருக்கும் பழைய பாய்லர் அறையில் நாற்காலி போட்டேன். ஜன்னல் கிடையாது, தகரக் கூரை. ஒரு செம்பு மோரும் கொடுத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"மறந்துடாதீங்க பாபு" என்றாள்.

வெளியே வந்து பூட்டினேன். கலெக்டரம்மா திரும்பிப் போகும்வரைதான் என்பது என் எண்ணம். அவர் வந்தபோது மணி ஒன்று. உங்களுக்கே தெரியும், அன்று நாற்பத்தாறு டிகிரி. வரவேற்புரை நடக்கும்போது தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மரியாதையாக, கையால். பிறகு நாற்காலியால். மைக்செட்காரரிடம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். புயல் அறையைச் சுற்றிப் பார்த்தபோது கலெக்டரம்மா நின்று காது கொடுத்தார்.

"என்ன சத்தம் அது?"

"பழைய மில்லு மேடம். வெயில்ல தகரம் விரியும்."

அவர் தலையாட்டினார். பலகையைப் படித்துவிட்டு, இதுபோல ஒவ்வொரு ஊரிலும் ஒன்று வேண்டும் என்றார். சால்வை போர்த்தினார்கள். எல்லாருக்கும் புளிஹோரா சாதம் பரிமாறினோம். நானும் சாப்பிட்டேன். இரண்டாவது முறை போட்டபோது வேண்டாம் என்றேன். மனசாட்சி இருந்ததால்தானே வேண்டாம் என்றேன்.

மூன்று மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். தட்டுவது அதற்கு முன்பே நின்றிருந்தது. தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். நாற்காலிகளை மடித்து அடுக்கினேன். பந்தல்காரரை அனுப்பினேன். தோரணத்தை அவிழ்த்துச் சுருட்டினேன். ஐந்து மணிக்குத்தான் திறந்தேன். கதவுக்கடியில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்துக் குப்புறப் படுத்திருந்தாள். உயிர் இல்லை. மனு நனைந்திருந்தது, மோராலா வியர்வையாலா தெரியவில்லை. அதை எரித்துவிட்டேன்.

விருந்தாளிகள் போன பிறகும் ஏன் திறக்கவில்லை என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று மணிக்குத் திறந்திருந்தால் உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். திறந்தால் அவள் என்னைப் பார்ப்பாளே, இன்ஸ்பெக்டர் காரு. அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவன் நான்.

என் பாடத்திலும் ஒரு திருத்தம் இருக்கிறது. பதினொரு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொன்னது தவறு. நான் தாழ் போட்டபோது தண்ணீர் வரவில்லை. மழையும் காற்றும்தான். அந்த முப்பத்தொரு பேரும் வெளியே நெற்களத்தில் நின்றார்கள். "பாபு, பிள்ளைங்களையாவது உள்ள விடுங்க" என்றாள் ஏசுமணி. அவள் மகள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாடியில் இடம் இருந்தது. ஆனால் பெரிய வீட்டுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் குடிதண்ணீர்ப் பானைகள். அந்தப் பானைகளில் பேட்டைக்காரர்கள் கை பட்டால் நாளைக்கு என்னை யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று தோன்றியது. மூடு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கடல் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் நான் அந்தக் கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.