வயரக்கா பொருத்திய மஞ்சள் விளக்குகள்

என் பெயர், தந்தை பெயர், கதவு எண் ஆகியவை என் பாதுகாப்புக் கருதித் தனித்தாளில் எழுதி உறையிலிடப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. வண்டிகளுக்கு மின்வேலை செய்வது தொழில். வெளியே என்னை வயரக்கா என்று சொன்னால்தான் தெரியும். பேருந்து நிலையத்தின் பின்புறச் சந்தில், டயர் கடையை ஒட்டிய பட்டறையில் நானும் என் தம்பியும் சேர்ந்து வேலை பார்க்கிறோம். தம்பி செய்வது டிங்கர் வேலை, அதாவது நசுங்கிய தகட்டை நிமிர்த்துவது, பாகம் மாற்றுவது, வண்ணம் அடிப்பது. அவனைத் தகரம் என்று கூப்பிடுவார்கள். பட்டறைக்கு மேல் மாடியில் நான், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மகள் ஆகிய நால்வருக்கும் வீடு. என் கணவர் காலமாகிவிட்டார். எனக்குத் தெரிந்ததை நடந்த வரிசைப்படி சொல்கிறேன்.

மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் ஒருவர் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நடுத்தர வயது இருக்கும். துவைத்துத் தேய்த்த சட்டை, மெதுவான பேச்சு. வண்டி சாம்பல் நிறம், என்ஜின் சத்தம் சீராக இருந்தது, ஆனால் இடது முன் மட்கார்டும் பானெட்டும் துருவேறி விரல் வைத்தால் உதிரும் நிலையில் இருந்தன. தன் அப்பா வைத்திருந்த ஜீப் எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே இதை மாற்றித் தரவேண்டும் என்றும், அப்பா போய்விட்டார் என்றும், அந்த வண்டி கைமாறிப் போய்விட்டது என்றும் அவர் சொன்னார். இப்படி ஆசைப்பட்டு வருகிறவர்கள் அவ்வப்போது உண்டு என்பதால் எங்களுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அவர் போனதும் தம்பி அவருக்கு அப்பாபிள்ளை என்று பெயர் வைத்தான். அவருடைய சொந்தப் பெயர் பின்னால் காவல் நிலையத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே இதிலும் அப்பாபிள்ளை என்றே சொல்கிறேன்.

அதன் பிறகு அவர் தினமும் வர ஆரம்பித்தார். தன் கைப்பேசியில் இருந்த படங்களைத் தம்பிக்கு அனுப்பினார். எந்தப் படத்திலும் முழு வண்டி இல்லை. பானெட்டின் ஒரு மூலை, பம்பரின் ஒரு பாதி, ஒரு விளக்கு என்று துண்டு துண்டாகத்தான் இருந்தன. பானெட் கரும்பச்சை நிறத்தில் இருக்கவேண்டும், மற்றபடி வண்டி சாம்பலாகவே இருக்கட்டும் என்றார். தம்பி பழைய இரும்புக் கடையில் தேடி ஒரு பானெட் கொண்டுவந்து, கீல் சரிசெய்து, பச்சை அடித்தான். பளபளப்பாக இருப்பதைப் பார்த்த அப்பாபிள்ளை உப்புத்தாள் கொண்டு அதைத் தேய்த்து மங்கலாக்கச் சொன்னார். அதுவும் செய்யப்பட்டது.

இடது மட்கார்டைப் புதிதாகப் போட்டதற்கு மறுநாள் அவர் வேறொரு படம் காட்டினார். அதில் மட்கார்டின் பக்கவாட்டில் கை அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருந்தது. அதே இடத்தில் அதே மாதிரி நசுக்கித் தரவேண்டும் என்றார். தம்பி முதலில் சிரித்தான். "இத்தன வருஷமா நெளிவ எடுத்துத்தான் சார் சாப்பிட்டேன். போட்டுக் குடுக்கச் சொல்ற மொத ஆள் நீங்கதான்" என்றான். அப்பாபிள்ளை சிரிக்கவில்லை. தம்பி படத்தைப் பெரிதாக்கி, அளவெடுத்து, அட்டையில் அந்த நசுங்கலின் உருவை வெட்டி, அதை வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி நசுக்கினான். புதுத் தகட்டை அடித்து நெளிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

அதன் பிறகு விளக்கு வேலை என்னிடம் வந்தது. பம்பர் மேல் இரண்டு மஞ்சள் விளக்கு, கூரை மேல் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை விளக்கு பொருத்த வேண்டும் என்றார். பழைய வண்டியின் வயரிங் இவ்வளவு பளுவைத் தாங்காது என்பதால் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு, ரிலே வைத்து, சுவிட்சை டாஷ்போர்டுக்குக் கீழே கொடுத்தேன். அந்தப் பட்டை விளக்கு எல்.இ.டி. வகை. அது சந்தைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவருடைய அப்பா காலத்து ஜீப்பில் அது இருந்திருக்க வழியில்லை என்று வேலையின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என் கையில் இருந்த வயரைப் பார்த்துக்கொண்டே, "நீங்க வயர மட்டும் பாருங்கக்கா. வயருக்கு அப்பா கிடையாது" என்றார். தம்பி அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டான். நான் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன் பிறகு இன்னொரு வேலை சொன்னார். பின்பக்கச் சிவப்பு விளக்குகளும் பிரேக் விளக்கும் வேண்டும்போது எரியாமல் இருக்கத் தனியாக ஒரு சுவிட்ச் வைக்கவேண்டும் என்றார். பின்னால் வருகிறவன் வந்து மோதிவிடுவான், இது ஆபத்து என்று நான் சொன்னேன். காட்டு ஓரமாக மிருகம் பார்க்கப் போவதாகவும், பின்னால் வெளிச்சம் இருந்தால் அவை ஓடிவிடும் என்றும், ரோட்டில் அதைத் தொடமாட்டேன் என்றும் சொன்னார். நான் அந்தச் சுவிட்சை வைத்துக் கொடுத்தேன்.

வேலை முடிந்த அன்று பொழுது சாயும் நேரத்தில், சந்தில் பனி இறங்கியிருந்தபோது, விளக்குகளைப் பார்க்கவேண்டும் என்றார். என்னை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு சந்தின் கடைசி வரைக்கும் நடந்து போய் நின்று, போடச் சொல்லிக் கைகாட்டினார். போட்டேன். வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு வந்து, வலது பக்க மஞ்சள் விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார். இரண்டும் சமமாக இருந்தால்தான் ரோடு தெரியும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. இறக்கினேன். அதன் பிறகு அவர் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, என்னைச் சந்தின் கடைசியில் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். அங்கிருந்தே குரல் கொடுத்துக் கேட்டார்.

"அக்கா, அங்கேருந்து வண்டி தெரியுதா, லைட் மட்டும் தெரியுதா?"

"லைட் மட்டும்தான் தெரியுது" என்றேன்.

"ஓட்டுறது யாருன்னு?"

தெரியவில்லை என்றேன். "அப்ப சரி" என்றார்.

அதன் பிறகு தம்பியின் கைப்பேசியில் இருந்த படங்களைத் தன் கண் முன்னால் அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்த பின் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வண்டி சந்து திரும்பும்போது பின்பக்கம் சிவப்பு எரியவில்லை. சுவிட்சை இப்போதே போட்டுப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று தம்பி சொன்னான். நான் கை கழுவப் போய், அழுக்குப் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் தம்பி டீ வாங்கப் போன இடத்தில் ஒரு சேதி கேட்டு வந்தான். மலைக்கு மேல் ஆடு வளர்க்கும் ஒரு பெண்ணைக் காணவில்லை என்றும், மாட்டு டாக்டரைப் போலீஸ் பிடித்திருக்கிறது என்றும் சொன்னான். மாட்டு டாக்டர் மலையின் மறுபக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் இருப்பவர். அவர் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்ததில்லை, நான் அதைப் பார்த்ததும் இல்லை. காணாமல் போன பெண்ணின் கணவர் மர மில் லாரியில் அடிபட்டு இறந்தவர். அதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி இந்தப் பெண்தான். கோர்ட்டில் சொல்லும் நாள் நெருங்கிவிட்டதால் அவர் தன் அண்ணன் வீட்டில் போய் இருந்துகொண்டு, எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் உள்ளே போய்விடுவாராம். மாட்டு டாக்டரின் விளக்கைக் கண்டால் மட்டும் வெளியே வருவாராம். மேலே இருப்பவர்கள் எல்லோருமே அந்த விளக்கைப் பார்த்துத்தான் நோய்ப்பட்ட ஆடு மாடுகளை ரோட்டுக்கு ஓட்டி வருவது வழக்கமாம். காணாமல் போன அன்று பொழுது சாயும் நேரத்தில், பனிக்குள், மஞ்சளாக இரண்டும் மேலே வெள்ளையாக ஒன்றும் தெரிந்ததாகவும், அந்தப் பெண் கழிச்சல் கண்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனதாகவும், வண்டி திரும்பிப் போன பிறகு அவரைக் காணவில்லை என்றும் அண்ணன் சொல்லியிருக்கிறார். டாக்டர் அன்று காய்ச்சலில் வீட்டில் தனியாகப் படுத்திருந்ததால் அவருக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை.

தம்பி இதைச் சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். டீ ஆறிப்போனது. "அக்கா, நமக்கெதுக்கு" என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டு, நசுங்கலின் உருவை வெட்டிச் சுவரோரம் போட்டிருந்த அட்டையை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் கொடுத்தான். நான் அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன்.

காவல் நிலையத்தின் பின்பக்க முற்றத்தில் டாக்டரின் ஜீப் நிறுத்தப்பட்டிருந்தது. சாம்பல் வண்டி, மங்கிய பச்சை பானெட், பம்பரில் இரண்டு மஞ்சள் விளக்கு, வலது விளக்கு கொஞ்சம் கீழே. என் கை செய்த வேலையை என் கை படாத வண்டியில் பார்த்தேன். அதை ஒருமுறை சுற்றி வந்தேன். அதன் பிறகு ஆய்வாளர் முன்னிலையில் அட்டையை இடது மட்கார்டின் நசுங்கலில் வைத்தேன். அது இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கன்று ஈன்ற பசு ஒன்று உதைத்து விழுந்த நசுங்கல் அது என்று பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்தது.

ஆய்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பெண்ணின் அண்ணனை வரவழைத்து, வண்டி திரும்பிப் போனபோது என்ன பார்த்தார் என்று மறுபடி கேட்டார். வண்டி திரும்பியதுமே இருட்டாகிவிட்டது, பின்னால் சிவப்பே தெரியவில்லை, அதனால்தான் எந்தப் பக்கம் போனது என்று பார்க்க முடியவில்லை என்று அவர் சொன்னார். அதை முதல் நாளே சொன்னதாகவும், விளக்கு கெட்டுப்போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்ததாகவும் சொன்னார். காவல் துறை மெக்கானிக் டாக்டரின் வண்டியைத் திறந்து பார்த்தார். பின்விளக்குகள் நன்றாக எரிந்தன. அவற்றை அணைக்கத் தனிச் சுவிட்ச் எதுவும் அந்த வண்டியில் இல்லை. நான் அப்பாபிள்ளையின் அடையாளம் சொன்னேன். அது மர மில்லின் மேலாளரின் அடையாளம் என்று அங்கிருந்த ஏட்டு சொன்னார்.

அன்றைக்கே மில்லில் சோதனை போட்டார்கள். நான் விளக்கு பொருத்திய ஜீப் மில்லின் பின்பக்கக் கொட்டகையில், விளக்குகள் கழற்றப்பட்டு, பச்சை பானெட் மீது பாதி வரைக்கும் கறுப்பு அடித்த நிலையில் இருந்தது. வயரும் ரிலேவும் அப்படியே இருந்தன. அவை என்னுடைய வேலைதான் என்று அடையாளம் காட்டினேன். மரத்தைச் சூடேற்றி உலர்த்தும் அறையில் அந்தப் பெண் உயிரோடு இருந்தார். அறையைச் சூடாக்கவில்லை. கால் முறிந்திருந்தது. ஆட்டுக்குட்டி செத்துப் பக்கத்தில் கிடந்தது. அதை விட்டு வர அவர் சம்மதிக்காததால் அதையும் சேர்த்தே தூக்கி வந்தார்கள். மேலாளரைப் பிடித்துவிட்டார்கள். மில் முதலாளி ஊரில் இல்லை என்று சொன்னார்கள்.

டாக்டரை விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்து, எல்லா விளக்கையும் கழற்றச் சொன்னார். "நேத்து மேல போனேன். லைட்டப் பாத்ததும் எல்லா வீட்லயும் விளக்க அணைச்சுட்டாங்க" என்றார். கழற்றிக் கொடுத்தேன். அவர் இப்போது பகலில் மட்டும் போகிறார்.

அதன் பிறகு முன்பின் தெரியாத ஒருவர் பட்டறைக்கு வந்தார். வண்டி எதுவும் கொண்டுவரவில்லை. விளக்கு பொருத்த எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தார். தம்பி பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியைப் பார்த்து, "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது?" என்று கேட்டார். தம்பி போய்ப் படியை மறித்து நின்றான். அவர் புன்னகைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தம்பி மனைவியும் மகளும் வேறு இடத்தில் இருக்கிறார்கள். தம்பி இரவில் தூங்குவதில்லை, ஆனாலும் பின்வாங்கச் சொல்லி அவன் என்னிடம் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. இந்தக் காரணத்தால்தான் காவல் நிலையத்தில் சொன்னதை நீதிபதி முன்பாகவும் பதிவுசெய்ய வேண்டும் என்று நானே எழுதிக் கேட்டுக்கொண்டேன்.

நேற்று மருத்துவமனைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வாசலில் காவலர் இருந்தார். அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் நிச்சயம் சொல்வதாக அந்தப் பெண் கூறினார். நான் யார் என்று கேட்டார். அந்த வண்டிக்கு விளக்குப் போட்டவள் நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"நல்லா எரிஞ்சுதும்மா. அவ்வளவு பனியிலயும், தூரத்துலயே டாக்டர் வந்துட்டார்னு தெரிஞ்சுது" என்றார்.



எழுதப்பட்டதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ இதில் எதுவும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடியும், கேட்டதைக் கேட்டதாகவும், செய்ததைச் செய்ததாகவும் சொல்லியிருக்கிறேன். எல்லாம் உண்மை என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

என் முன்பாகப் பதிவுசெய்யப்பட்டது.
(ஒப்பம்)
நீதிபதி